அப்பா அம்மாவுக்கு டெபாசிட் கட்டும் முன்: டிரஸ்டிகள் யாருன்னு பார்த்தீங்களா?



முதியோர் குடியிருப்பு பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "சார், ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்காங்க. ஒரு டிரஸ்ட் நடத்துற ரிடையர்மென்ட் வில்லேஜ்ல இடம் இருக்கு. 10 லட்சம் டெபாசிட், மாசம் 18,000. உடம்பு முடியாமப் போனா அதே வளாகத்துல பராமரிப்பு இல்லமும் இருக்காம். சேர்க்கலாமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாக விசாரித்துத்தான் வைத்திருப்பார்கள். சாப்பாடு எப்படி, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார், லிஃப்ட் இருக்கா, கோயில் பக்கமா என்று எல்லாம் தெரியும். "சரி, டிரஸ்டிகள் யார்? போன வருஷ பேலன்ஸ் ஷீட் பார்த்தீங்களா?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அந்த 10 லட்சம் பெரும்பாலும் அப்பாவின் பி.எஃப். பணமாக இருக்கும். இல்லையென்றால் நீங்க வாங்கப்போற பர்சனல் லோன். பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கு. 75 வயதில் வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே போகிறவர்கள், அந்த இடம் சரியில்லை என்றால் 78 வயதில் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். அதனால் தோட்டத்தைப் பார்க்கிற அளவுக்கு டிரஸ்டிகளையும் பார்க்கணும். எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிரஸ்டி முதலாளி இல்லை

இதை முதலில் மனசுல பதிய வைங்க. பொது அறக்கட்டளையின் நிலம், கட்டடம், வங்கிப் பணம் எல்லாம் டிரஸ்டிகள் பெயரில் இருந்தாலும் அது அவர்களுடைய சொத்து கிடையாது. டிரஸ்ட் பத்திரத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கோ, அதற்காக அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட சொத்து. அவர்கள் காப்பாளர்கள்.

இந்திய அறக்கட்டளைச் சட்டம், 1882 நேரடியாகத் தனியார் டிரஸ்டுகளுக்கானது. ஆனால் அதில் உள்ள அடிப்படை விதிகளை நீதிமன்றங்கள் பொது அறக்கட்டளைகளுக்கும் பொருத்திப் பார்க்கின்றன. அந்த விதிகள் சுருக்கமாக:

• விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனம் டிரஸ்டிக்கும் வேண்டும்.

• பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை, டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

• பத்திரத்தில் இடம் இல்லாமல் டிரஸ்டி சம்பளம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

• கடமை தவறி நஷ்டம் வந்தால், டிரஸ்டி தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும்.

"ஃபவுண்டர் ஐயா ரொம்ப நல்லவர், அவரே தினமும் வந்து சாப்பாட்டை ருசி பார்ப்பார்" என்று சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஐயாவுக்கு 80 வயது என்றால், அவருக்குப் பிறகு யார்? டிரஸ்டி இடம் காலியானால் யார் நிரப்புவது என்று பத்திரத்தில் இருக்கும். "மூத்த மகன், அவருக்குப் பின் அவர் வாரிசு" என்று மட்டும் இருந்தால், உங்க அம்மாவின் அடுத்த 15 வருஷம் உங்களுக்குத் தெரியாத ஒருவரின் குணத்தை நம்பி இருக்கு. டிரஸ்டிகளில் குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேராவது, அதில் ஒரு டாக்டரோ கணக்குத் தெரிந்தவரோ இருந்தால் அது நல்ல அறிகுறி.

யார் இவர்களைக் கண்காணிக்கிறார்கள்?

"டிரஸ்ட்" என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டப்படி மூன்று வடிவங்கள் இருக்கு.

அறக்கட்டளை: பத்திரம் எழுதிப் பதிவு செய்தது. மகாராஷ்டிராவில் இதற்கென்றே 1950-ம் ஆண்டுச் சட்டமும் அறக்கட்டளை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் கோயில், மடம் சார்ந்தவற்றுக்கு அறநிலையத் துறை இருக்கு, வக்ஃப் சொத்துக்கு வாரியம் இருக்கு. பொதுவான ஒரு முதியோர் இல்ல டிரஸ்டின் கணக்கை வருஷா வருஷம் வாங்கிப் பார்க்க அப்படி ஒரு ஆணையர் இல்லை.

சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் வருவது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு இருக்கும். ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

பிரிவு 8 கம்பெனி: லாப நோக்கமில்லாத கம்பெனி. இயக்குநர்கள் யார், ஆண்டுக் கணக்கு என்ன என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

வெளியே இருந்து பார்க்க ரொம்பக் கஷ்டமானது முதல் வடிவம்தான். அசையாச் சொத்து சேர்க்காமல் பதிவான டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 4-ம் புத்தகத்தில் ஏறும். அதன் நகலை எழுதிக் கொடுத்தவரும் அவர் வழியாக உரிமை உள்ளவர்களும் மட்டுமே வாங்க முடியும். நீங்க போய்க் கேட்டால் கிடைக்காது. அதனால் டிரஸ்டிடமே கேட்க வேண்டும். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே ஒரு பதிலாக எடுத்துக்கோங்க.

வருமான வரித் துறை பார்க்கும், ஆனால் வரிக் கண்ணோட்டத்தில். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகம் பார்க்கும், ஆனால் வசதிகள், பாதுகாப்பு என்ற கோணத்தில். உங்க டெபாசிட் பத்திரமா இருக்கா என்று தினமும் பார்க்க அரசாங்கத்தில் ஆள் கிடையாது. அந்த வேலை டிரஸ்டிகளுடையது.

ஒரு வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிடறேன். பில்டர் முதியோர்களுக்கு வீடு கட்டி விற்கும் திட்டங்கள் கோயம்புத்தூர் பக்கம் நிறைய இருக்கு. அங்கே விற்பனை என்பதால் ரெரா சட்டம் வரும். வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். டிரஸ்டில் நீங்க வீடு வாங்கவில்லை, டெபாசிட் கட்டித் தங்கும் உரிமை மட்டும் பெறுறீங்க. அந்த 70% பாதுகாப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஓய்வுக்கால இல்லங்களுக்கு மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அது வழிகாட்டுதல், சட்டம் இல்லை.

டெபாசிட்டே இல்லாத வகையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் ஆதரவற்ற முதியவர்களுக்கானது. அப்படிப்பட்ட இடங்கள் நன்கொடையில் நடக்கின்றன. நாம் இங்கே பேசுவது, டெபாசிட்டும் மாதக் கட்டணமும் வாங்கி டிரஸ்ட் நடத்தும் இடங்களைப் பற்றி.

டெபாசிட் எங்கே போகுது? ஒரு கணக்கு

ஒரு கற்பனை டிரஸ்டை எடுத்துக்குவோம். 60 வீடுகள். வீட்டுக்கு 10 லட்சம் டெபாசிட். மொத்தம் 6 கோடி. இது டிரஸ்டின் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கத்தில் "குடியிருப்போர் டெபாசிட் 6 கோடி" என்று இருக்க வேண்டும்.

இப்போ சொத்துகள் பக்கம் பாருங்க:

• கட்டடம்: 5 கோடி
• வங்கி ஃபிக்சட் டெபாசிட்: 70 லட்சம்
• மற்றவை: 30 லட்சம்

கூட்டினால் 6 கோடி, கணக்கு சரியா இருக்கு. ஆனால் ஒரு வருஷத்தில் 6 வீடு காலியானால் 60 லட்சம் திருப்பித் தரணும். 70 லட்சத்தில் கொடுத்துடலாம். அடுத்த வருஷமும் 6 வீடு காலியானால்? புதிதாகச் சேர்பவர்களின் டெபாசிட்டை வாங்கித்தான் பழையவர்களுக்குத் தர முடியும். ஆள் வருவது குறைந்தால் பணம் நின்றுவிடும். கட்டடத்தில் ஒரு சுவரைப் பெயர்த்து உங்களுக்கு ரீஃபண்ட் தர முடியாது.

டெபாசிட்டை வைத்துக் கட்டடம் கட்டியதே தவறு என்று நான் சொல்லவில்லை. பல நல்ல இடங்களும் அப்படித்தான் எழும்பியிருக்கு. ஆனால் பொறுப்பான டிரஸ்டிகள் ஒரு விதி வைத்திருப்பார்கள்: "அடுத்த இரண்டு வருஷ ரீஃபண்டுக்கு வேண்டிய பணத்தைத் தொடாமல் வங்கியில் வைப்போம்" என்று தீர்மானம் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு தீர்மானம் இருக்கா என்று கேளுங்க.

அடுத்து வரவு செலவுக் கணக்கு. 60 வீடு, மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு சுமார் 1 கோடியே 30 லட்சம் வரவு. செலவு 1 கோடியே 40 லட்சம் என்றால் 10 லட்சம் பற்றாக்குறை. அதை நன்கொடை ஈடு கட்டினால் சரி. நன்கொடையும் இல்லை, ஃபிக்சட் டெபாசிட் மட்டும் வருஷா வருஷம் குறைகிறது என்றால், சோத்துக்கும் சம்பளத்துக்கும் உங்க டெபாசிட் கரைகிறது என்று அர்த்தம். மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டை வரிசையாக வைத்து, "குடியிருப்போர் டெபாசிட்", "ஃபிக்சட் டெபாசிட்" என்ற இரண்டு வரிகளை மட்டும் பார்த்தாலே இது தெரிஞ்சிடும். சி.ஏ. படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை.

டிரஸ்டி வீட்டுக்கே திரும்பிப் போகும் பணம்

இதைத்தான் நாங்க ஆடிட்டில் முதலில் தேடுவோம். வளாகத்தின் நிலம் யார் பெயரில் இருக்கு? டிரஸ்ட் பெயரிலா, டிரஸ்டியின் மனைவி பெயரில் இருந்து டிரஸ்ட் வாடகை கொடுக்கிறதா? தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கச் சான்று பார்த்தால் பத்து நிமிஷ வேலை. நிலம் குடும்பத்துடையது, டிரஸ்டுக்கு 11 மாத வாடகை ஒப்பந்தம் மட்டும்தான் என்றால், 20 வருஷம் தங்கப் போகும் உங்க பெற்றோர் 11 மாத அஸ்திவாரத்தில் நிற்கிறார்கள்.

அதே மாதிரி மளிகை சப்ளை மைத்துனர் கடையா, செக்யூரிட்டி ஏஜென்சி மருமகனுடையதா, டிரஸ்டிக்கு "அட்வான்ஸ்" என்று ஒரு தொகை பல வருஷமாக அப்படியே நிற்கிறதா என்று பாருங்க.

இவை எல்லாமே சட்ட விரோதம் கிடையாது. டிரஸ்டி உண்மையாக வேலை செய்து நியாயமான சம்பளம் வாங்கலாம், நியாயமான வாடகையும் வாங்கலாம். அளவு மீறினால் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 13 குறுக்கே வரும். டிரஸ்டியோ அவர் உறவினரோ முறையற்ற பலன் அடைந்த அளவுக்கு டிரஸ்டின் வருமானத்துக்கு 30% வரி, அதற்கு மேல் அந்தப் பலனுக்குச் சமமான அபராதம். அடுத்தடுத்த வருஷத்திலும் செய்தால் அபராதம் இரு மடங்கு.

இங்கே கவனிங்க: தவறு செய்வது டிரஸ்டி, ஆனால் வரியும் அபராதமும் டிரஸ்ட் பெயரில் வரும். அது கடைசியில் எங்கே வந்து விழும்? மாதக் கட்டணத்தில். டிரஸ்டிகளின் நடத்தை உங்க பட்ஜெட் விஷயமாக மாறுவது இப்படித்தான்.

வரி விலக்குப் பதிவு இருக்கா?

12ஏபி பதிவு இருக்கும் டிரஸ்ட், தன் வருமானத்தில் 85%-ஐ நோக்கத்துக்காகச் செலவு செய்தால் வரி விலக்குப் பெறும். இந்தப் பதிவு நிரந்தரம் இல்லை. பொதுவாக 5 வருஷம், சிறிய டிரஸ்டுகளுக்கு இப்போது 10 வருஷம் வரை. காலாவதி தேதியைப் பாருங்க. வருமானம் வரம்பைத் தாண்டினால் ஃபார்ம் 10பி அல்லது 10பிபி-யில் ஆடிட் அறிக்கை இருக்க வேண்டும். அதன் நகலையும் கேளுங்க.

இன்னொரு சிக்கல். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி எல்லாம் சட்டத்தில் தனித்தனியாக அற நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கு. வசதியானவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கும் குடியிருப்பு இதில் அடங்குமா, அல்லது "பொது நலன்" என்ற கடைசி வகையா என்ற கேள்வி வரும். கடைசி வகை என்றால், வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20%-ஐத் தாண்டக் கூடாது. செலவை ஒட்டிய கட்டணமும், செலவுக்கு மேல் கணிசமாக வைத்து வாங்கும் கட்டணமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் விளக்கியிருக்கு. அதனால் ஏழை முதியவர்களுக்கு எத்தனை இலவச இடம் தர்றீங்க என்று கேளுங்க. அது தர்மக் கேள்வி மட்டும் இல்லை, அந்த டிரஸ்டின் வரி ஆரோக்கியத்தைக் காட்டும் கேள்வியும்கூட.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி: வரி விலக்குப் பதிவு பெற்ற டிரஸ்ட் நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு உணவு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை கட்டணம் என்றால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு போனால் இந்தச் சலுகையும் போகும்.

(2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய 1961 சட்ட எண்களையே இங்கே கொடுத்திருக்கேன்.)

"டொனேஷனா போட்டுக்குவோம், உங்களுக்கு 80ஜி கிடைக்கும்"

இந்த வசனத்தைக் கேட்டால் உஷாராகிடுங்க. நன்கொடை என்றால் விருப்பப்பட்டுக் கொடுப்பது, திரும்ப வராது. டெபாசிட் என்றால் திரும்ப வரும். ஒரே பணம் இரண்டாகவும் இருக்க முடியாது. 10 லட்சத்துக்கு 80ஜி ரசீது வாங்கிட்டு நாளைக்கு ரீஃபண்ட் கேட்டால், "நீங்க நன்கொடைதானே கொடுத்தீங்க" என்று அதே ரசீதைக் காட்டுவார்கள். இடம் கொடுப்பதற்கு நிபந்தனையாக வாங்கும் பணத்துக்கு 80ஜி கேட்டால் வரித் துறையும் கேள்வி கேட்கும். அதோடு நீங்க புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது. இல்லாத சலுகைக்காக இருக்கும் உரிமையை விட்டுடாதீங்க.

ரொக்கமும் வேண்டாம். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதும், ரொக்கமாகத் திருப்பித் தருவதும் வருமான வரிச் சட்டப்படி கூடாது. வங்கி வழியாகக் கட்டுங்க. ரசீதில் "திருப்பித் தரத்தக்க டெபாசிட்" என்ற வார்த்தை இருக்கணும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. டிரஸ்ட் பத்திரம், மூன்று வருஷ ஆடிட் செய்த கணக்கு: இரண்டின் நகலும் தருவீர்களா?

2. டிரஸ்டிகள் எத்தனை பேர், எத்தனை பேர் உறவினர்கள், கடந்த வருஷம் எத்தனை முறை கூடினார்கள்?

3. நிலமும் கட்டடமும் யார் பெயரில்? அவற்றின் மேல் வங்கிக் கடன் இருக்கா?

4. டெபாசிட் ரீஃபண்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கி வைத்திருக்கீங்க?

5. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவது யார்? மேனேஜர் என்றால், அவருக்கு அதிகாரம் கொடுத்த டிரஸ்டிகளின் தீர்மான நகல் எங்கே?

6. காலி செய்த எத்தனை நாளில் ரீஃபண்ட்? தாமதமானால் வட்டி உண்டா? ஒருவர் இறந்தால் பணம் துணைக்கா, நாமினிக்கா?

7. வீட்டிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுவதை யார் முடிவு செய்வார்கள்? அப்போது கட்டணம் எவ்வளவு? ஞாபக மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா?

8. குடியிருப்போர் குழு இருக்கா? கட்டணம் ஏற்றும் முன் அவர்களிடம் கணக்கு காட்டுகிறீர்களா?

ஏழாவது கேள்வியைப் பெற்றோர் முன்னாடி கேட்கத் தயக்கமா இருக்கும். ஆனால் அவர்களுக்கும் இதே கேள்வி மனசுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அவர்களை வைத்துக்கொண்டே கேளுங்க. பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. வாய்ப் பேச்சு டிரஸ்டி மாறினால் மாறிடும்.

சிக்கல் வந்துவிட்டால்?

டெபாசிட் திரும்ப வரவில்லை, சொன்ன சேவை இல்லை என்றால்: கட்டணம் வாங்கிச் சேவை தருவதால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். வழக்கு, நோட்டீஸ் எதுவானாலும் எல்லா டிரஸ்டிகளின் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

டிரஸ்டிகளே பணத்தைத் தவறாகக் கையாள்கிறார்கள் என்றால்: சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 92 இருக்கு. டிரஸ்டில் அக்கறை உள்ள இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நீதிமன்ற அனுமதியோடு வழக்கு போடலாம். டிரஸ்டியை நீக்கவும், புதியவரை நியமிக்கவும், கணக்கு கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இது வருஷக்கணக்கில் போகும் வழி. 78 வயது அம்மாவுக்கு அந்த நேரம் இல்லை.

முதியவரை மோசமாக நடத்துகிறார்கள், உடனே உதவி வேண்டும் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழையுங்க.

கடைசியா ஒண்ணு

"நீங்க ஐ.டி.-ல இருக்கீங்க, நம்ம டிரஸ்ட்ல சும்மா பேர் மட்டும் போட்டுக்குறோம்" என்று உங்களையே யாராவது கூப்பிடலாம். சும்மா பேர் என்று ஒன்று கிடையாது. சக டிரஸ்டி தவறு செய்வது தெரிந்தும் பேசாமல் இருந்தால் அந்தப் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு வரும். கூட்டத்துக்குப் போக, கணக்கைப் படிக்க, "இது வேண்டாம்" என்று சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் பதிய வைக்கத் தயார் என்றால் மட்டும் சேருங்க. அப்படிப்பட்ட இளைஞர்கள் இரண்டு பேர் இருந்தால் அந்த டிரஸ்டுக்கு அது பெரிய பலம்.

இந்த வாரக் கடைசியில் இடம் பார்க்கப் போறீங்கன்னா, அந்த 8 கேள்வியை போனில் சேமித்து எடுத்துட்டுப் போங்க. நல்ல டிரஸ்டிகள் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டாங்க; ஃபைலை எடுத்து மேஜையில் வைப்பாங்க. பேலன்ஸ் ஷீட் கையில் கிடைத்து எந்த வரி என்னன்னு புரியலைன்னா, பெயர்களை மறைத்துவிட்டு கமெண்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோவில் ஒவ்வொரு வரியா பிரிச்சுப் பார்த்துடலாம்.